விழித்திரை ஆய்வு: எந்தக் கேள்வியை முதலில் கேட்பது?

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ஒளியியல் அலகில் கண் வருகிறது. கிட்டப்பார்வை, தூரப்பார்வை முதலிய குறைபாடுகளையும் அவற்றைச் சரிசெய்யும் லென்சுகளையும் நடத்துகிறோம். அதே நூலில் பின்னால் மரபியல் வருகிறது. மெண்டலின் பட்டாணிச் செடிகள், ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, பன்னட் கட்டம் என்று அது போகும். இந்த இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. அவை சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடி போட்டும் சரியாகாத, குடும்ப வழியாக வரும் பரம்பரை விழித்திரை நோய்களே அவை.

இந்நோய்கள் அரியவைதான். ஆனால் நம் வகுப்பறைக்கு வராத அளவுக்கு அரியவை அல்ல. இவற்றில் அதிகம் காணப்படும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் மாநில மக்கள்தொகை சுமார் 7.2 கோடி. இதே விகிதத்தை வைத்து வகுத்துப் பார்த்தால் 18,000 பேர் என்று விடை வரும். அவர்களில் பலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே அறிகுறிகள் தொடங்கிவிடும். அந்த மாணவர் நம் முன் அமர்ந்திருக்கும்போது அவரது பெற்றோர் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "இதற்கு மருந்து இருக்கிறதா சார்?" என்பதுதான். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல, இத்துறையில் ஆய்வு எப்படி நடக்கிறது, எதுவரை வந்திருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தொண்டு நிறுவனம் இந்த ஆய்வை ஐம்பது ஆண்டுகளாக வழிநடத்தி வந்த விதத்தைப் படித்தால், ஓர் ஆய்வுக்குத் திட்டம் வகுப்பது என்றால் என்ன என்பதும் புரியும்.

விழித்திரையில் என்ன நடக்கிறது?

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரு வகை. குச்சி செல்கள் சுமார் 12 கோடி. இவை மங்கிய வெளிச்சத்திலும் பக்கவாட்டுப் பார்வையிலும் உதவுகின்றன. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம். இவை விழித்திரையின் நடுவில் அடர்ந்திருந்து நிறத்தையும் நுண்ணிய விவரங்களையும் காட்டுகின்றன. எழுத்தைப் படிக்கக் கூம்பு செல்கள் வேண்டும். அந்தி வேளையில் வரப்பில் நடக்கக் குச்சி செல்கள் வேண்டும்.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவில் முதலில் பாதிக்கப்படுபவை குச்சி செல்கள். அதனால் மாலைக்கண் முதலில் வருகிறது. பிறகு பக்கவாட்டுப் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போலாகிறது. பல ஆண்டுகள் கழித்துக் கூம்பு செல்களும் அழிகின்றன. ஸ்டார்கார்ட் நோயில் நிலை நேர் எதிர். அதில் நடுப்பார்வை முதலில் மங்குகிறது. குழந்தை ஓடியாடும், தடுக்கி விழாது. ஆனால் கரும்பலகையில் உள்ளதைப் படிக்க முடியாது. லெபர் பிறவிப் பார்வையிழப்பில் குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே பார்வைக் குறைவு தெரியவரும். இதனை ஜெர்மானிய மருத்துவர் தியோடர் லெபர் 1869-ல் விவரித்தார். அஷர் நோய்க்குறித் தொகுப்பில் செவித்திறன் குறைவும் மாலைக்கண்ணும் சேர்ந்து வரும்.

ரெட்டினைட்டிஸ் என்ற பெயரே ஒரு சிறு பாடம். ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-ல் விழித்திரை காணும் கருவியை உருவாக்கிய பிறகுதான் உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்க்க முடிந்தது. டச்சு மருத்துவர் டாண்டர்ஸ் அதில் தெரிந்த கரு நிறமித் திட்டுகளைக் கண்டு, இது அழற்சி நோய் என்று கருதி 1857-ல் இப்பெயரைச் சூட்டினார். இது அழற்சி நோய் அன்று, மரபணுக் கோளாறால் வருவது என்று பின்னர் தெரிந்தது. ஆனால் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அறிவியலில் ஒரு பெயர் விளக்கமாகிவிடாது என்று மாணவர்களுக்குச் சொல்ல இது நல்ல எடுத்துக்காட்டு.

மரபில் இந்நோய்கள் மூன்று வழிகளிலும் கடத்தப்படுகின்றன. சில குடும்பங்களில் ஓங்கு பண்பாகத் தலைமுறை தவறாமல் வருகிறது. சிலவற்றில் ஒடுங்கு பண்பாக, பெற்றோர் இருவரும் நலமாக இருக்க, பிள்ளைக்கு மட்டும் வருகிறது. சிலவற்றில் எக்ஸ் குரோமோசோம் வழியாகத் தாயிடமிருந்து பெரும்பாலும் மகன்களுக்கு வருகிறது. இதுவரை 250-க்கும் மேற்பட்ட ஜீன்கள் இந்நோய்களுடன் தொடர்புடையவை என்று கண்டறியப்பட்டுள்ளன. அதாவது வெளியே ஒரே மாதிரி தெரியும் நோய், உள்ளே நூற்றுக்கணக்கான வெவ்வேறு நோய்கள். ஆய்வுத் திட்டம் வகுப்பவருக்கு எல்லாச் சிக்கலும் இங்குதான் தொடங்குகிறது.

குடும்பங்கள் தொடங்கிய அறக்கட்டளை

அமெரிக்காவைச் சேர்ந்த கார்டன் கண்ட் என்ற தொழிலதிபர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவால் 1970 அளவில், முப்பது வயதையொட்டி, பார்வையை முழுதும் இழந்தார். சோவியத் ஒன்றியத்தின் ஒடெசா நகரில் சிகிச்சை இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கும் சென்றார். பயன் கிடைக்கவில்லை. அக்காலத்தில் இந்நோய்க்கு எந்த ஜீன் காரணம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆய்வு செய்தவர்களும் மிகச் சிலர். அவரும் அவர் மனைவி லூலியும், இதே நோய் கொண்ட இரு மகள்களின் பெற்றோரான பால்டிமோரின் பெர்மன் தம்பதியரும், இன்னும் சில குடும்பங்களும் சேர்ந்து 1971-ல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினர். அதுவே இன்றைய ஃபவுண்டேஷன் ஃபைட்டிங் பிளைண்ட்னஸ். பார்வையிழப்பை எதிர்த்துப் போராடும் அறக்கட்டளை என்பது அதன் பொருள். இதுவரை 80 கோடி டாலருக்கும் மேல் திரட்டி ஆய்வுக்குத் தந்துள்ள நிறுவனம் அது.

அவர்கள் மருத்துவமனை கட்டவில்லை. ஆய்வுக்கு நிதி தர முடிவு செய்தனர். 1974-ல் பாஸ்டன் நகரில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த கண் மருத்துவமனையில் பெர்மன்-கண்ட் ஆய்வகம் தொடங்கியது. எலியட் பெர்சன் அதன் இயக்குநர். நோயாளிகளை ஆண்டுதோறும் வரவழைத்து, விழித்திரையின் மின் துலங்கலை அளந்து பதிவு செய்வது அங்கு நடந்த முக்கியமான பணிகளில் ஒன்று. மருந்து எதுவும் கையில் இல்லாதபோது அளந்து பதிவதால் என்ன பயன் என்று தோன்றலாம். பதில் பின்னால் வருகிறது.

இத்தகைய நிறுவனத்தில் அறிவியல் பொறுப்பாளராக இருப்பவர் ஆய்வகத்தில் நின்று சோதனை செய்பவர் அல்லர். வரும் ஆய்வு முன்மொழிவுகளைத் துறை வல்லுநர் குழுவிடம் மதிப்பிடச் செய்வது, எதற்கு நிதி, எதற்கு இல்லை என்று பரிந்துரைப்பது, நிதி பெற்ற ஆய்வு முன்னேறுகிறதா என்று பார்ப்பது, நிற்கும் ஆய்வை நிறுத்துவது ஆகியவை அவர் பணி. நன்கொடை தந்த குடும்பம் ஒவ்வொன்றும் தன் பிள்ளைக்குரிய ஜீனுக்கு முதலிடம் தர வேண்டும் என்று எதிர்பார்க்கும். பார்வை நாள்தோறும் குறைந்துகொண்டிருப்பதால் அந்த அவசரம் நியாயமானதே. அதற்கும் அறிவியலின் நிதானத்திற்கும் நடுவில் நின்று முடிவெடுக்க வேண்டும்.

திட்டம் வகுப்போரின் ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: காரணம் எது? காரணம் தெரியாமல் மருந்து தேடினால் ஒடெசா பயணம் போலத்தான் முடியும். 1989-ல் அயர்லாந்தின் டப்ளினில் உள்ள டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து, நோய்க்கான ஜீன் மூன்றாம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினர். 1990-ல் பாஸ்டனில் தாடியஸ் டிரையா குழுவினர் ரோடாப்சின் ஜீனில் சடுதிமாற்றத்தைக் கண்டுபிடித்தனர். புரதத்தின் 23-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின். ஓர் அமினோ அமிலம் மாறியதால் ஒரு தலைமுறையே மாலைக்கண்ணுடன் வாழ்ந்தது. ஸ்டார்கார்ட் நோய்க்குரிய ஏ.பி.சி.ஏ.4 ஜீன் 1997-ல் தெரியவந்தது.

இரண்டாம் கேள்வி: நோயாளிகள் எங்கே? அரிய நோயில் பத்து ஊருக்கு ஒருவர் இருப்பார். மருந்தைச் சோதிக்கும் நாள் வரும்போது அவர்களைத் தேடத் தொடங்கினால் ஆண்டுகள் வீணாகும். அதனால் அறக்கட்டளை முன்கூட்டியே நோயாளர் பதிவேடு ஒன்றை உருவாக்கியது. நோயாளிகள் தம் விவரத்தையும் மரபணுப் பரிசோதனை முடிவையும் அதில் பதியலாம். அமெரிக்காவில் உள்ள நோயாளிகளுக்கு மரபணுப் பரிசோதனையைக் கட்டணமின்றிச் செய்யும் திட்டத்தையும் இத்துடன் இணைத்தது.

மூன்றாம் கேள்வி: நோய் எவ்வளவு வேகத்தில் போகிறது? ஒருவருக்கு மருந்து கொடுத்து ஓராண்டு கழித்துப் பார்வை குறையாமல் இருக்கிறது என்போம். மருந்தால் குறையவில்லையா, அந்த ஓராண்டில் எப்படியும் குறைந்திருக்காதா? மருந்தில்லாத நிலையில் நோய் எப்படி நகரும் என்று தெரிந்தால்தான் இதற்கு விடை சொல்ல முடியும். பாஸ்டனில் ஆண்டுதோறும் அளந்து பதிந்ததன் பயன் இதுதான். பின்னர் ஸ்டார்கார்ட் நோய்க்கும் அஷர் நோய்க்குறித் தொகுப்புக்குரிய ஜீன் ஒன்றுக்கும் பல நாட்டு மருத்துவமனைகளைச் சேர்த்து இதே போன்ற இயல்பு வளர்ச்சி ஆய்வுகளை அறக்கட்டளை நடத்தியது. பத்திரிகைச் செய்தி ஆகாத, பரிசு கிடைக்காத வேலை இது. ஆனால் இது இல்லாமல் எந்த மருந்தையும் நிரூபிக்க முடியாது.

நான்காம் கேள்வி: ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு யார் கொண்டுபோவது? எலியில் பயன் தந்த முறையை மனிதரில் சோதிக்கப் பல மடங்கு பணம் வேண்டும். பல்கலைக்கழகத்தால் அது முடியாது. நோயாளிகள் குறைவு என்பதால் மருந்து நிறுவனங்களும் தயங்கும். நல்ல கண்டுபிடிப்புகள் பல இந்த இடைவெளியிலேயே நின்றுவிடுகின்றன. 2018-ல் அறக்கட்டளை இதற்கென ஒரு தனி முதலீட்டு நிதியை ஏற்படுத்தியது. தொடக்க நிலை நிறுவனங்களில் அது பங்கு முதலீடு செய்யும். வெற்றி கிடைத்தால் வரும் பணம் மீண்டும் ஆய்வுக்கே போகும்.

ஐந்தாம் கேள்வி: ஒவ்வொரு ஜீனாகப் போவதா, எல்லாருக்கும் பொதுவான வழி தேடுவதா? ஜீனுக்கு ஜீன் மருந்து செய்தால் துல்லியமாக இருக்கும். ஆனால் 250 ஜீன்களுக்கும் செய்து முடிப்பது எப்போது? பொதுவான வழி என்றால், எந்த ஜீன் கெட்டிருந்தாலும் செல்கள் அழிவதைத் தாமதப்படுத்துவது, அல்லது அழிந்த செல்களின் வேலையை வேறொன்றைச் செய்ய வைப்பது. இன்றைய திட்டங்களில் இரண்டுக்கும் இடம் தரப்படுகிறது.

முதல் வெற்றி ஏன் அந்த ஜீனில் கிடைத்தது?

விழித்திரை நோய்க்கான முதல் ஜீன் சிகிச்சை ஆர்.பி.இ.65 என்ற ஜீனுக்கு வந்தது. அது தற்செயல் அன்று. காரணங்களை அடுக்கிப் பார்த்தால் திட்டமிடலின் பயன் புரியும்.

ஒளி பட்டதும் ரோடாப்சினில் உள்ள வைட்டமின் ஏ வழி வந்த மூலக்கூறு வடிவம் மாறுகிறது. இதை விளக்கிய ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் நோபல் பரிசு கிடைத்தது. மாறிய மூலக்கூறைப் பழைய வடிவத்திற்குத் திருப்பும் நொதியைத் தருவது ஆர்.பி.இ.65 ஜீன். அது பழுதானால் ஒளியுணர் செல்களுக்கு வேண்டிய மூலக்கூறு கிடைக்காது. செல்கள் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. விளக்கு நன்றாக இருக்கிறது, எண்ணெய்தான் இல்லை. எனவே ஜீனைக் கொடுத்தால் மீட்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது காரணம் அளவு. ஜீனைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் வாகனமாகப் பயன்படுவது நோய் உண்டாக்காத அடினோ சார்ந்த வைரஸ். அது சுமார் 4,700 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ.வைத்தான் சுமக்கும். ஆர்.பி.இ.65 புரதத்தில் 533 அமினோ அமிலங்கள். ஓர் அமினோ அமிலத்துக்கு மூன்று எழுத்து என்றால் 1,599. எளிதில் அடங்கும்.

மூன்றாவது, இயற்கையாகவே இந்த ஜீன் பழுதான பிரியார்டு இன நாய்கள் இருந்தன. அமெரிக்க ஆய்வாளர்கள் இந்நாய்களுக்கு ஜீன் சிகிச்சை அளித்துப் பார்வை மீண்டதை 2001-ல் வெளியிட்டனர். சிகிச்சை பெற்ற லான்சலாட் என்ற நாய் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்பும் நடந்து காட்டியது. இந்த ஆய்வகக் கட்டப் பணிகளுக்கு அறக்கட்டளையின் நிதி துணை நின்றது.

நான்காவது, கண் ஒரு சிறிய, மூடிய உறுப்பு. மருந்து சிறிதளவு போதும். உள்ளே நடப்பதைக் கருவியால் நேரில் பார்க்கலாம்.

2007-ல் லண்டனிலும் அமெரிக்காவிலும் மனிதரில் சோதனைகள் தொடங்கி, 2008-ல் முதல் முடிவுகள் வெளிவந்தன. அடுத்த சிக்கல் அளவீடு. எழுத்துப் பலகையைப் படிக்க வைத்தால் இந்நோயாளிகளின் உண்மையான முன்னேற்றம் தெரியாது. அவர்களது குறை இருட்டில் நடப்பது. எனவே ஃபிலடெல்ஃபியாவில் ஜீன் பென்னட், ஆல்பர்ட் மகுவயர் குழுவினர் தடைகள் வைத்த ஒரு நடைபாதையை அமைத்து, 1 லக்ஸ் முதல் 400 லக்ஸ் வரை வெவ்வேறு வெளிச்சத்தில் நடக்கச் செய்து மதிப்பெண் இட்டனர். மூன்றாம் கட்டச் சோதனையில் பங்கேற்றவர்கள் 31 பேர். சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் ஓராண்டில் மிகக் குறைந்த வெளிச்சத்திலும் தேறினர். ஒப்பீட்டுக் குழுவில் ஒருவரும் அந்த நிலையில் தேறவில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் லக்ஸ்டர்னா என்ற இம்மருந்துக்கு அனுமதி தந்தது.

மாணவரை எதைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்ற கேள்வி நமக்கும் புதிதன்று. கற்றது ஒன்று, தேர்வு கேட்பது வேறொன்று என்றால் மதிப்பெண்ணில் உண்மை இருக்காது. இந்த நடைபாதைத் தேர்வு, பொருத்தமான மதிப்பீட்டுக் கருவிக்கு நல்ல சான்று.

வெற்றிக்குப் பிறகும் நிற்கும் கேள்விகள்

லக்ஸ்டர்னாவின் அறிவிக்கப்பட்ட விலை இரு கண்களுக்கும் சேர்த்து 8.5 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். அமெரிக்காவில் இந்த ஜீன் கோளாறு உள்ளவர்கள் 1,000 முதல் 2,000 பேர் வரையே. நன்கொடையில் வளர்ந்த ஆய்வின் பயனைச் சாதாரணக் குடும்பம் எப்படிப் பெறுவது என்பது இன்னும் தீராத கேள்வி.

எல்லா ஜீனும் வாகனத்தில் ஏறாது. ஏ.பி.சி.ஏ.4 புரதத்தில் 2,273 அமினோ அமிலங்கள். மூன்றால் பெருக்கினால் 6,819. வாகனத்தின் கொள்ளளவை மீறிவிடுகிறது. அதனால் ஜீனை இரண்டாகப் பிரித்து இரு வாகனங்களில் அனுப்பிச் செல்லுக்குள் இணைக்கும் வழிகள் ஆராயப்படுகின்றன.

அறிவியல் தன்னையே திருத்திக்கொள்ளும் என்பதற்கும் இத்துறையில் சான்று உண்டு. 1993-ல் பெர்சன் குழுவினர் 601 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், அதிக அளவு வைட்டமின் ஏ ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவின் வேகத்தைச் சற்றுக் குறைப்பதாகக் கூறினர். பல மருத்துவர்கள் அதைப் பரிந்துரைத்தனர். 2023-ல் அதே பாஸ்டன் மருத்துவமனை ஆய்வாளர்கள், அந்தப் பழைய தரவுகளையே, நோயாளிகளின் மரபணு விவரத்தையும் சேர்த்து மீண்டும் பகுத்தாய்ந்தபோது அப்பயன் உறுதிப்படவில்லை. முப்பது ஆண்டு பழைய முடிவை அதே இடத்தில் இருந்தவர்கள் திருத்தினர். தரவுகளைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

பொதுவான வழியிலும் முன்னேற்றம் உண்டு. கிளாமிடோமோனாஸ் போன்ற பசும்பாசிகள் ஒளியை நோக்கி நகர ஒளியுணர் புரதம் ஒன்றைப் பயன்படுத்துகின்றன. அத்தகைய புரதத்திற்குரிய ஜீனை விழித்திரையில் எஞ்சியுள்ள நரம்புச் செல்களில் செலுத்தினால் அவையே ஒளியை உணரத் தொடங்கும். பல்லாண்டுகளாகப் பார்வையிழந்த 58 வயது மனிதர் ஒருவர், இச்சிகிச்சைக்குப் பின் சிறப்புக் கண்ணாடியின் துணையுடன் மேசை மேலுள்ள பொருள்களைக் கண்டு எண்ணியதாக 2021-ல் ஆய்வறிக்கை வெளியானது. இது படிக்கும் பார்வை அன்று, தொடக்கம் மட்டுமே. ஆனால் பாசியைப் பற்றிப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் மாணவருக்குச் சொல்ல நம்மிடம் ஒரு பதில் இருக்கிறது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. குழாய்ப் பார்வை: வரைபடத் தாளைச் சுருட்டி இரு குழாய்கள் செய்து, கண்களில் வைத்துக்கொண்டு வகுப்பறைக்குள் நடக்கச் சொல்லலாம். நண்பர் ஒருவர் பக்கத்தில் துணைக்கு இருக்கட்டும். பிறகு அதே குழாயுடன் கரும்பலகையைப் படிக்கச் சொல்லலாம். படிக்க முடியும், நடக்க முடியாது. "எழுத்தெல்லாம் தெரிகிறது, பிறகு ஏன் இடித்துக்கொள்கிறான்?" என்று ஒரு மாணவரைக் கேலி செய்வது ஏன் தவறு என்பது அப்போது தானே விளங்கும்.

2. இரு நாணயங்கள்: நோயில்லாத, ஆனால் ஒடுங்கு ஜீனைச் சுமக்கும் தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கொரு நாணயம். பூ விழுந்தால் பழுதான ஜீன். இரண்டும் பூவாக விழுந்தால்தான் குழந்தைக்கு நோய். ஒவ்வொரு குழுவும் 40 முறை சுண்டிப் பதிவு செய்யட்டும். கால் பங்கை ஒட்டிய விடை வரும். சில குழுக்களில் தொடர்ந்து இருமுறை பூ ஜோடி விழுந்திருக்கும். "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மற்றவர்களுக்கு வராது" என்ற நம்பிக்கை தவறு என்று அதிலிருந்து காட்டலாம்.

3. நிதிக் குழு: மாணவர்களை ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் 100 புள்ளிகள் தரவும். புதிய ஜீன் தேடல், நோயாளர் பதிவேடு, இயல்பு வளர்ச்சி ஆய்வு, சிலருக்கே உதவும் ஆனால் வெற்றி வாய்ப்பு மிகுந்த சிகிச்சை, எல்லாருக்கும் உதவக்கூடிய ஆனால் உறுதியில்லாத சிகிச்சை, இன்றே பயன்படும் உருப்பெருக்கிகளும் நடைப் பயிற்சியும் என ஆறு செலவினங்கள். புள்ளிகளைப் பங்கிட்டுக் காரணம் சொல்ல வேண்டும். சரியான விடை ஒன்று இல்லை. காரணத்தின் வலிமைக்கே மதிப்பெண். ஆறாவது செலவினத்தில்தான் விவாதம் சூடுபிடிக்கும். நாளைய மருந்தா, இன்றைய உதவியா என்பது உண்மையான நிறுவனங்களும் எதிர்கொள்ளும் கேள்வி.

இச்செயல்பாடுகளை நடத்தும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். நம் ஊர்களில் மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் உறவில் திருமணம் இன்றும் உண்டு. மாமன், அத்தை வழி உடன்பிறந்தோர் பிள்ளைகள் தம் ஜீன்களில் எட்டில் ஒரு பங்கையும், தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கையும் பொதுவாகக் கொண்டிருப்பர். அதனால் ஒரே ஒடுங்கு ஜீன் இருபுறமும் சேரும் வாய்ப்பு கூடுகிறது. இதைப் பாடமாகச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வகுப்பில் அத்தகைய பெற்றோரின் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. எந்த மாணவரின் குடும்பத்தையும் எடுத்துக்காட்டாக்க வேண்டாம். உறவில் மணந்தவர்களுக்குப் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே இருக்கிறார்கள் என்பதையும், உறவில்லாதவர்களின் குழந்தைகளுக்கும் இந்நோய் வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியர் கண்ணில் பட வேண்டியவை

மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து போகும்போது தோழியின் கையைப் பிடித்துக்கொண்டே நடப்பது, வெயிலிலிருந்து அறைக்குள் வந்ததும் வெகு நேரம் தடுமாறுவது, பக்கவாட்டில் வரும் பந்தைத் தவறவிடுவது, கீழே விழுந்த பேனாவைத் தேடிக்கொண்டேயிருப்பது ஆகியவை குச்சி செல் பாதிப்பின் அடையாளங்களாக இருக்கலாம். கண்ணாடி போட்டும் பலகை தெரியவில்லை என்பது, வெளிச்சத்தில் கண்கூசுவது, நிறங்களைக் குழப்பிக்கொள்வது, முகத்தைச் சற்றுத் திருப்பி ஓரக்கண்ணால் படிப்பது ஆகியவை கூம்பு செல் பாதிப்பைக் குறிக்கலாம். செவித்திறன் குறைந்த குழந்தைக்கு மாலைக்கண்ணும் இருந்தால் தாமதிக்கக் கூடாது.

மாலைக்கண் என்றதும் வைட்டமின் ஏ குறைபாடு நினைவுக்கு வரும். அது ஊட்டம் தந்தால் சரியாகும் நிலை, பரம்பரை நோய் அப்படியன்று. இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. நாமாக வைட்டமின் மாத்திரை வாங்கித் தரச் சொல்வது நல்லதன்று. ஸ்டார்கார்ட் நோயாளிகள் கூடுதல் வைட்டமின் ஏ மாத்திரைகளைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள். பள்ளிக் கண் பரிசோதனை பெரும்பாலும் எழுத்துப் பலகையை நம்பியிருப்பதால், குழாய்ப் பார்வை உள்ள குழந்தை அதில் தேறிவிடவும் கூடும். "பரிசோதனையில் சரி என்றார்கள்" என்பதோடு விடாமல், நாம் கண்டதை எழுதி அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா போன்றவற்றில் விழித்திரைச் சிறப்புப் பிரிவுகளும் மரபணு ஆய்வுப் பணிகளும் உள்ளன.

பார்வையின்மையும் குறைபார்வையும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 21 வகைகளில் அடங்கும். உரிய சான்று பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் உதவி ஆகியவற்றைக் கோரலாம். உள்ளடக்கிய கல்வியின் சிறப்புப் பயிற்றுநரிடம் தொடக்கத்திலேயே தெரிவிப்பது நல்லது. வகுப்பறையில் உடனே செய்யக்கூடியவையும் உண்டு: சன்னல் வெளிச்சம் முகத்தில் அடிக்காத முன் வரிசை இடம், பெரிய எழுத்து, பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்வது, நடைபாதையில் பைகளை வைக்காதிருத்தல், இருட்டும் முன் வீட்டுக்கு அனுப்புதல்.

பெற்றோரிடம் என்ன சொல்வது?

"மருந்தே இல்லை, விதி" என்பது இன்று உண்மையன்று. "விரைவில் குணமாகிவிடும்" என்பதும் உண்மையன்று. ஒரு ஜீனுக்கு அனுமதி பெற்ற சிகிச்சை இருக்கிறது, பலவற்றுக்கு மனிதரில் சோதனைகள் நடக்கின்றன, எந்த ஜீன் என்று தெரிந்தால்தான் எதிலும் சேர முடியும் என்பதே உண்மை நிலை. ஆகவே மரபணுப் பரிசோதனையையும் மரபியல் ஆலோசனையையும் மருத்துவரிடம் கேட்டுப் பெறச் சொல்லலாம். முழுக் குணம் தருவதாக உறுதி கூறி முன்பணம் கேட்பவர்களிடம் நிலத்தை விற்றுக் கொடுக்க வேண்டாம் என்றும், முறையான மருத்துவச் சோதனையில் பங்கேற்க நோயாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை என்றும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அதோடு இன்னொன்றும். ஆய்வுக்குப் பத்தாண்டு, இருபதாண்டு ஆகும். ஏழாம் வகுப்பு மாணவிக்கு அவ்வளவு காலம் இல்லை. அவளுக்கு இந்த ஆண்டே படிக்க வேண்டியிருக்கிறது. மருந்து வரும் வரை படிப்பை நிறுத்தி வைக்காமல், பார்வை நன்றாக இருக்கும்போதே பிரெய்லும் கணினித் திரைவாசிப்பானும் வெண்கோல் நடையும் பழகத் தொடங்கச் சொல்லலாம். மருந்தை விழித்திரை வல்லுநர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் படிப்பு நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.